பெயர் மட்டும் போதாது, இனிஷியலும் வேண்டும்

ஜாவா என்றால் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது மோட்டார் சைக்கிள்தான். மைசூரில் தயாராகி வந்த அந்த வண்டியின் சத்தத்தை வைத்தே தெருமுனையில் வருவது யார் என்று சொல்லிவிடலாம். அடுத்து ஞாபகம் வருவது இந்தோனேசியாவின் தீவும் அதன் காப்பியும். நான் பணிக்காலத்தின் கடைசி 18 வருடங்கள் மாரடித்தது வேறொரு ஜாவாவோடு. அது கம்ப்யூட்டர் மொழி.

"நீங்க என்னதான் சார் வேலை பார்த்தீங்க?" என்று காலை நடையில் நண்பர்கள் கேட்பார்கள். "கம்பெனிகளின் ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைக்கிற வேலை" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியின் வரலாற்றை இந்தப் பதிவில் எழுதப் பார்க்கிறேன். வங்கி, ரயில்வே, மின்வாரியம், பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் இதைப் படிக்கிறீர்கள். கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ரெக்கார்டு ரூம் தெரிந்தால் போதும். வருகைப் பதிவேட்டில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தால் என்ன கூத்து நடக்கும் என்று தெரிந்தால் இன்னும் நல்லது.

ரெக்கார்டு ரூம் பெட்டிக்குள் போனது

காகிதத்தைக் கம்ப்யூட்டருக்குள் அடுக்கும் தொழிலுக்கு நாற்பது வருடங்களுக்கு மேல் வயதாகிறது. 1982-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், கோஸ்டா மேசா என்ற ஊரில் ஃபைல்நெட் கம்பெனி தொடங்கியது. காகிதத்தை ஸ்கேன் செய்து, படத்தை ஆப்டிகல் டிஸ்க்கில் எழுதி வைப்பார்கள். குறிப்பிட்ட ஃபைல் வேண்டுமென்றால் பழைய ஜூக்பாக்ஸில் இசைத்தட்டை எடுப்பது போல இயந்திரமே அந்த டிஸ்க்கை எடுத்துப் பொருத்தும்.

1990-இல் ஹோவர்டு ஷாவ், ஜான் நியூட்டன் என்ற இருவர் டாக்குமென்டம் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். போயிங் 777 விமானத்தின் பயிற்சிக் கையேடுகளை ஒழுங்குபடுத்தியது அவர்களின் ஆரம்பகால வேலைகளில் ஒன்று. புது மருந்துக்கு அனுமதி கேட்டு அரசுக்குக் கொடுக்கும் விண்ணப்பக் கட்டுகளைத் தொகுப்பது இன்னொன்று. அந்தக் கட்டுகள் ஆயிரக்கணக்கான பக்கம் போகும். எந்தப் பக்கம் எத்தனையாவது திருத்தம், யார் கையெழுத்துப் போட்டார் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்க வேண்டும்.

ரெக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். காகிதத்தை அலமாரியில் வைப்பது எளிது. அது வந்ததும் யாருக்குப் போக வேண்டும், யார் குறிப்பு எழுத வேண்டும், எத்தனை வருடம் கழித்து அழிக்கலாம் என்ற நடைமுறைதான் தலைவலி. அந்த நடைமுறை ஒவ்வொரு ஆபீஸுக்கும் வேறு. இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வழக்கம் மருந்துக் கம்பெனிக்கு ஒத்துவராது. அதனால் இந்தக் கம்ப்யூட்டர் அலமாரியை விற்றவர்கள் அதில் ஒரு வாசலையும் வைத்தார்கள். வாங்கியவர் தன் நடைமுறையைத் தானே புரோகிராமாக எழுதி, அந்த வாசல் வழியாக உள்ளே அனுப்பலாம். அப்படி எழுதுவதற்கு 2000-ஐ ஒட்டிய வருடங்களில் பரவலாகப் பிடித்துப்போன மொழி ஜாவா. நம் கதையின் சிக்கல் இந்த வாசலில்தான் இருக்கிறது. ஒருவர் செய்த அலமாரிக்குள் இன்னொருவர் எழுதிய புரோகிராம் ஓட வேண்டும். யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதற்குக் கணக்கு வேண்டும்.

லோடுமேன்

1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனியில் ஜேம்ஸ் கோஸ்லிங்கும் சில நண்பர்களும் ஒரு புது மொழியை உருவாக்க ஆரம்பித்தார்கள். வீட்டு டி.வி., ரிமோட் போன்ற சாமான்களுக்கான மொழி அது. கோஸ்லிங்கின் அறைக்கு வெளியே ஓக் மரம் ஒன்று நின்றதாம். அதனால் மொழிக்கு ஓக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை வேறொருவர் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்ததால் மாற்ற வேண்டி வந்தது. காப்பியை நினைத்து ஜாவா என்று வைத்தார்கள். 1995 மே 23 அன்று அறிவித்தார்கள். ஜாவா உருவாக்கும் ஒவ்வொரு கிளாஸ் ஃபைலின் முதல் நான்கு பைட்டுகளும், பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்ணில் எழுதினால், "கஃபே பேப்" என்று படிக்கும்படி வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

கிளாஸ் என்றால் என்ன? ஜாவா புரோகிராம் ஒரே மூட்டையாக இருக்காது. சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கும். "பாலிசி" என்பது ஒரு துண்டு, "வாடிக்கையாளர்" என்பது ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் கிளாஸ் என்று பெயர். ஒவ்வொன்றும் தனி ஃபைல். புரோகிராம் ஓடும்போது "பாலிசி" என்ற பெயர் முதல் முறையாகத் தேவைப்பட்டால், அதைத் தேடி எடுத்துவர ஓர் ஆளை அனுப்பும். அந்த ஆளுக்குக் கிளாஸ் லோடர் என்று பெயர். லாரி ஷெட்டில் லோடுமேன் என்போமே, கிட்டத்தட்ட அதே வேலை. தேவைப்படும் சாமானைத் தேவைப்படும் நேரத்தில் சுமந்து வந்து இறக்குவார்.

சன் கம்பெனி இதில் பெரிய கனவு ஒன்றைக் கண்டது. லோடர் நம் கம்ப்யூட்டரில் இருந்துதான் எடுத்துவர வேண்டும் என்பதில்லை, இன்டர்நெட்டின் மறுகோடியில் இருந்தும் எடுத்துவரலாம். இணையப் பக்கத்தைத் திறந்தால் அதோடு ஒரு குட்டி ஜாவா புரோகிராமும் வந்து நம் கம்ப்யூட்டரில் ஓடும். அதற்கு ஆப்லெட் என்று பெயர். ஹாட்ஜாவா என்ற பிரவுசரில் இதை ஓட்டிக் காட்டியபோது உலகமே வாய் பிளந்து பார்த்தது.

ஆனால் முன்பின் தெரியாதவன் எழுதிய புரோகிராம் நம் வீட்டுக்குள் ஓடுகிறது. அவன் திருட்டுத்தனமாக, ஜாவாவின் சொந்தக் காவல்காரன் பெயரிலேயே போலிக் கிளாஸ் ஒன்றை எழுதி அனுப்பினால்? பெயரை மட்டும் பார்த்து உள்ளே விட்டால் கதை முடிந்தது.

பெயரை நம்பியதால் வந்த வினை

பயந்தது போலவே நடந்தது. 1996-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ட்ரூ டீன், எட்வர்டு ஃபெல்டன், டான் வாலக் ஆகிய மூவர் ஜாவாவின் பாதுகாப்பில் இருந்த ஓட்டைகளை வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்று லோடர் பற்றியது. வெளியில் இருந்து வந்த ஆப்லெட் தனக்கென்று சொந்தமாக லோடர் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அந்த விதியை ஏமாற்றி லோடரை உண்டாக்கிவிட்டால், எந்தப் பெயரில் எதை வேண்டுமானாலும் உள்ளே இறக்கலாம் என்று காட்டினார்கள். விருந்தாளியே வீட்டுச் சாவிக்கு டூப்ளிகேட் போட்டுக்கொண்ட மாதிரி.

1997-இல் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த விஜய் சரஸ்வத் இன்னும் நுட்பமான ஓட்டை ஒன்றைச் சொன்னார். இரண்டு லோடர்கள் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கிளாஸ்களைக் கொண்டுவந்தால், ஜாவா சில இடங்களில் இரண்டையும் ஒன்று என்றே எண்ணிக் குழம்பியது. அந்தக் குழப்பத்தில், ஒருவர் ரகசியமாக வைத்த தகவலை இன்னொருவர் படித்துவிட முடியும். ஒரு செல்வராஜின் பாஸ்புக்கை இன்னொரு செல்வராஜ் காட்டிப் பணம் எடுப்பது போல.

இதற்கு நம் ஊரில் எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டோம். வகுப்பில் மூன்று செல்வராஜ் இருந்தால் வாத்தியார் என்ன செய்வார்? கே. செல்வராஜ், எம். செல்வராஜ், பி. செல்வராஜ். அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வந்து நின்றதும் குழப்பம் தீர்ந்தது. ரேஷன் கார்டு, பென்ஷன் ஃபைல் எல்லாம் இனிஷியலை நம்பித்தான் ஓடுகின்றன. இனிஷியல் மாறியதால் பென்ஷன் நின்று அலைந்தவர்கள் நம் வட்டத்திலேயே உண்டு.

1998-இல் சன் கம்பெனியைச் சேர்ந்த ஷெங் லியாங், கிலாட் பிராகா இருவரும் ஒரு கட்டுரையில் இதே தீர்வைத்தான் ஜாவாவுக்கு முறையாக எழுதி வைத்தார்கள். ஒரு கிளாஸின் அடையாளம் அதன் பெயர் மட்டும் அல்ல. பெயரும், அதை உள்ளே கொண்டுவந்த லோடரும் சேர்ந்ததுதான் அடையாளம். இரண்டு லோடர்கள் ஒரே பெயரைப் பற்றிப் பேசிக்கொள்ளும்போது, இருவரும் சொல்வது ஒரே கிளாஸைத்தானா என்று ஜாவா சரிபார்க்க வேண்டும். லோடர்தான் இனிஷியல்.

கூட்டுக்குடும்பமும் தனிக்குடித்தனமும்

அதே 1998 டிசம்பரில் வந்த ஜாவா 1.2, லோடர்களுக்குள் ஒரு மரியாதையைப் புகுத்தியது. ஒவ்வொரு லோடருக்கும் மேலே ஒரு பெரியவர் உண்டு. கிளாஸ் ஒன்று வேண்டுமென்றால் சின்னவர் தானே போய்த் தேடக் கூடாது. முதலில் அப்பாவைக் கேட்க வேண்டும். அப்பா தாத்தாவைக் கேட்பார். தாத்தாவின் அலமாரியில் இருந்தால் அதுதான் எல்லோருக்கும். அங்கே இல்லையென்றால் அப்பா தேடுவார். அவரிடமும் இல்லையென்றால்தான் சின்னவர் தன் பெட்டியைத் திறக்கலாம். ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்கள் எல்லாம் தாத்தாவிடம் இருப்பதால், அவற்றின் பெயரில் போலியை நுழைப்பது கஷ்டம். அசல் கூட்டுக்குடும்பம்.

இது ஒழுங்காக ஓடியது, கொஞ்ச நாளைக்கு. 1999 டிசம்பரில் பெரிய கம்பெனிகளுக்கான ஜாவா, ஜே2ஈஈ என்ற பெயரில் வந்தது. ஒரே சர்வரில் பத்துப் பதினைந்து புரோகிராம்களைக் குடிவைப்பது வழக்கமானது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய நூலகங்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்தது. நூலகம் என்றால் இங்கே பிறர் எழுதித் தொகுத்த கிளாஸ்களின் கட்டு. எக்ஸ்எம்எல் படிக்க ஒரு கட்டு, நடந்ததை நாட்குறிப்பாக எழுத ஒரு கட்டு. சின்னவருக்குக் கட்டின் புது பதிப்பு வேண்டும். தாத்தாவிடம் இருப்பதோ பழைய பதிப்பு. தாத்தாவை முதலில் கேட்க வேண்டும் என்ற விதியால் பழையதுதான் கைக்கு வரும். புரோகிராம் நொண்டும்.

அதனால் 2001-இல் வந்த சர்வ்லெட் 2.3 என்ற விதித்தொகுப்பு, புரோகிராம் தன் சொந்த மூட்டையை முதலில் பார்ப்பது நல்லது என்று பரிந்துரைத்தது. ஜாவாவின் அடிப்படைக் கிளாஸ்களுக்கு மட்டும் பழைய மரியாதை தொடரும். ஐபிஎம்மின் வெப்ஸ்ஃபியர் போன்ற சர்வர்களில் "பெரியவர் முதலில்", "பெரியவர் கடைசியில்" என்று இரண்டில் ஒன்றை நாமே தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தது. கூட்டுக்குடும்பத்துக்குள்ளேயே தனிச் சமையல் ஆரம்பமானது. தனிச் சமையலால் என்ன சண்டை வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

செல்வராஜை செல்வராஜாக மாற்ற முடியாது

2008 வாக்கில் நான் சென்னையில் இருந்தபடி வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றின் ஆவண அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் இருந்தேன். இறப்பு, விபத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று பணம் கேட்டு வரும் காகிதங்கள் எல்லாம் ஸ்கேன் ஆகி அதில் வந்து விழும். ஒரு திங்கட்கிழமை, அவர்கள் ஊர்க் காலை, நமக்குச் சாயங்காலம், அங்கே எந்த குமாஸ்தாவாலும் எந்தக் கிளெய்மையும் திறக்க முடியவில்லை. காகிதம் பத்திரமாக உள்ளே இருக்கிறது. அலமாரியும் ஓடுகிறது. திறந்தால் மட்டும் பிழைச் செய்தி வருகிறது.

என் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் செய்தியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "சார், இது என்ன சார் வேடிக்கை? கிளெய்ம் டாக்குமென்டை கிளெய்ம் டாக்குமென்டா மாத்த முடியாதுங்குது. செல்வராஜை செல்வராஜா மாத்த முடியாதுன்னா என்ன அர்த்தம்?"

அவருக்குச் சொன்ன பதில்தான் மேலே எழுதிய இனிஷியல் கதை. அந்த வாரக் கடைசியில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகப் புதுப் பதிப்பு ஏற்றியிருந்தன. அலமாரியின் நடைமுறைகளை எழுதுகிற குழு, "கிளெய்ம் டாக்குமென்ட்" என்ற கிளாஸைச் சர்வரின் பொது இடத்தில் வைத்திருந்தது. குமாஸ்தாக்கள் பார்க்கும் திரையை எழுதுகிற குழு, அதே கிளாஸின் இன்னொரு பிரதியைத் தன் மூட்டைக்குள் வைத்திருந்தது. அந்த மூட்டையோ "பெரியவர் கடைசியில்" என்ற ஏற்பாட்டில் ஓடியது. அலமாரி எடுத்துக் கொடுத்தது பொது இடத்து கே. செல்வராஜை. திரை எதிர்பார்த்தது தன் வீட்டு எம். செல்வராஜை. இரண்டு பிரதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஆனாலும் கொண்டுவந்த லோடர் வேறு என்பதால் ஜாவாவுக்கு இருவரும் வேறு ஆட்கள். செய்தியிலோ இனிஷியல் இல்லாமல் பெயர் மட்டும் அச்சாகி வந்தது. அதுதான் எல்லோரையும் சுற்ற வைத்தது.

கிளாஸைக் கேட்டால் தன்னைக் கொண்டுவந்த லோடர் யார் என்று சொல்லும். இரண்டு இடத்திலும் அதை அச்சிட்டுப் பார்த்தோம். வேறு வேறு பெயர்கள் வந்தன. திரையின் மூட்டையில் இருந்த பிரதியை எடுத்துவிட்டு, இருவரும் பகிர்ந்துகொள்ளும் கிளாஸ் பொது இடத்தில் மட்டும் இருக்க வேண்டும் என்று விதி எழுதி வைத்தோம். செய்தது ஒரு ஃபைலை நீக்கியதுதான். ஆனால் எந்த ஃபைல் என்று கண்டுபிடித்து, இரண்டு குழுவையும் சம்மதிக்க வைத்து, சோதித்து ஏற்ற இரண்டு ராத்திரி ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அங்கே வரிசையில் நின்றவை வெறும் காகிதங்கள் இல்லை. வீட்டுக்காரரை இழந்த பெண்மணிகளின் விண்ணப்பங்கள் அதில் இருந்தன. காகிதம் பத்திரமாக இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லி என்ன பிரயோஜனம்?

பூட்டிய வீட்டில் ஒரு பெட்டி

அந்தக் காலத்திலேயே அலமாரி விற்பவர்கள் இன்னொரு படி போயிருந்தார்கள். நடைமுறை எழுதிய ஜாவா கட்டுகளைச் சர்வரின் ஏதோ மூலையில் வைப்பதற்குப் பதிலாக, ஆவணங்கள் இருக்கும் அதே அலமாரியில் ஓர் ஆவணமாகவே வைத்துவிட்டார்கள். டாக்குமென்டத்தின் 5.3 பதிப்பில் இது வந்தது. ஃபைல்நெட்டின் பி8-இலும் கோட் மாட்யூல் என்ற பெயரில் உண்டு. புது நடைமுறை எழுதினால், திருத்திய கடிதத்தை ஃபைலில் வைப்பது போல உள்ளே வைத்தால் போதும். அலமாரி அதை எடுத்து, புது லோடர் ஒன்றை அமர்த்தி ஓட்டிக்கொள்ளும். யார் எப்போது எந்தத் திருத்தத்தை வைத்தார் என்ற கணக்கும் தானாக இருக்கும். ரெக்கார்டு கிளார்க்கின் நடைமுறைப் புத்தகத்தையே ரெக்கார்டு ரூமில் வைத்துப் பூட்டியது போல. அழகான யோசனை.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. புது லோடர் வந்ததும் பழையவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். பழைய லோடர் கொண்டுவந்த சாமான் ஒன்றை யாராவது இன்னும் கையில் பிடித்திருந்தால், ஜாவா அந்த லோடரை வெளியேற்றாது. அவர் போகாவிட்டால் அவர் கொண்டுவந்த எல்லாக் கிளாஸ்களும் போகாது. குடியிருந்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். ஒரே ஒரு டிரங்குப் பெட்டி உள்ளே கிடப்பதால் வீட்டுக்காரர் மறுபடி வாடகைக்கு விட முடியவில்லை. இப்படி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் தெரு நிரம்பிவிடும். கிளாஸ்களுக்கு என்று ஜாவா ஒதுக்கிய நினைவிடத்துக்கு பெர்ம்ஜென் என்று பெயர். அது நிரம்பி சர்வர் விழுந்தது என்று ராத்திரியில் போன் வராத ஜாவா ஆசாமி அந்தக் காலத்தில் இல்லை. பல இடங்களில் வைத்தியம் ஒன்றுதான்: குறிப்பிட்ட இடைவெளியில் சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுவது. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8 அந்த ஒதுக்கீட்டையே எடுத்துவிட்டு வேறு ஏற்பாடு செய்தது. நெருக்கடி குறைந்தது. டிரங்குப் பெட்டியை விட்டுப் போகும் பழக்கம் மட்டும் போகவில்லை.

அடுக்குமாடி

கூட்டுக்குடும்பமும் சரிப்படவில்லை, தனிச் சமையலும் சண்டை என்றால் அடுத்தது என்ன? அடுக்குமாடிதான். 1999-இல் ஓஎஸ்ஜிஐ என்ற கூட்டமைப்பு உருவானது. வீட்டு நெட்வொர்க் பெட்டிகளுக்காக ஆரம்பித்தது. பிற்பாடு பெரிய சர்வர்களுக்கு வந்து சேர்ந்தது. இதில் ஒவ்வொரு கட்டுக்கும் தனி லோடர், அதாவது தனி ஃப்ளாட். தான் மற்றவருக்குத் தருவது எது, தனக்கு மற்றவரிடம் இருந்து வேண்டியது எது, எத்தனையாவது பதிப்பு வேண்டும் என்பதையெல்லாம் வாசலில் பலகையாக எழுதி மாட்ட வேண்டும். எழுதாததைக் கொடுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் இரண்டு மாடியில் இருக்கலாம், சண்டை இல்லை. 2004-இல் வந்த எக்லிப்ஸ் 3.0 இதன் மேல் கட்டப்பட்டது. ஜாவா எழுதுகிறவர்களின் முக்கியமான பட்டறை எக்லிப்ஸ் என்பதால் இந்த முறை வேகமாகப் பரவியது.

நம் ஆவண அலமாரித் தொழிலில் இதை முழுமையாக எடுத்துக்கொண்டது ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்து டே சாஃப்ட்வேர். அந்தக் கம்பெனியின் டேவிட் நியூஷெலர் தலைமையில்தான் ஆவண அலமாரிகளுக்கான பொதுவான ஜாவா விதித்தொகுப்பு 2005-இல் முடிவானது. அவர்களுடைய சிக்யூ5 ஓஎஸ்ஜிஐ முறையில் ஓடியது. 2010-இல் அடோபி அந்தக் கம்பெனியை வாங்கியது. இன்றைக்குப் பெரிய கம்பெனிகள் பலவற்றின் இணையப் பக்கங்கள் அந்த வழியில் வந்த அடோபி மென்பொருளில் இருந்துதான் வருகின்றன.

ஜாவாவும் தன் பங்குக்கு 2017 செப்டம்பரில் 9-ஆம் பதிப்பில் மாட்யூல் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. லோடரின் உள் அமைப்பு மாறியதால், அது இன்ன வகை என்று நம்பி எழுதியிருந்த பழைய புரோகிராம்கள் பல இடறி விழுந்தன. அதே பதிப்பில் ஆப்லெட்டுக்கு ஓய்வு ஓலையும் கொடுத்தார்கள். யாருக்காக லோடர் வாசலைக் கட்டினார்களோ அந்த விருந்தாளி போய்விட்டான். வாசல் சர்வர்களில் நிலைத்துவிட்டது. 2018-இல் வந்த ஜாவா 11-இல் எனக்குப் பிடித்த மாற்றம் ஒன்று உண்டு. "இதை இதாக மாற்ற முடியாது" என்ற அந்தப் பிழைச் செய்தியிலேயே இரண்டு கிளாஸையும் கொண்டுவந்த லோடர் யார் யார் என்று அச்சிட ஆரம்பித்தார்கள். இனிஷியல் செய்திக்குள் வந்து சேர இருபது வருடம் ஆனது.

யார் கொண்டுவந்தது?

நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் கழித்து, 2021 டிசம்பரில், பழைய நண்பர்கள் ராத்திரி பகலாக விழித்திருந்தார்கள். நாட்குறிப்பு எழுதும் நூலகம் என்று முன்பு சொன்னேனே, அந்த வகையில் மிகப் பரவலான லாக்4ஜே 2-இல் பெரிய ஓட்டை வெளியானது. 2013-இல் சேர்த்த ஒரு வசதியில் இருந்து வந்த வினை. குறிப்பிட்ட வடிவில் ஒரு வரியை யாராவது அனுப்பி, அது நாட்குறிப்பில் பதிவானால் போதும். அந்த வரி சொல்லும் வெளி முகவரிக்கு ஜாவா போய், அங்கிருந்து ஒரு கிளாஸை எடுத்துவந்து ஓட்டிவிடும் அபாயம் இருந்தது. பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் அதை டைப் செய்தாலே போதும். ஆபத்தின் அளவுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் போட்டார்கள். ஆவண அலமாரி விற்பவர்களும் அவசரத் திருத்தங்களை வெளியிட வேண்டி வந்தது.

எனக்கு அதில் ஆச்சரியம் தோன்றவில்லை. 1995-இல் கண்ட கனவு அதுதானே: எங்கோ இருக்கும் கிளாஸை லோடர் எடுத்துவந்து நம் வீட்டில் ஓட்டுவது. கனவும் அபாயமும் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தன. வாசலை அடைத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. 1998-இல் ஒருவர் எடுத்த முப்பது வருட பாலிசி 2028-இல்தான் முதிர்வடையும். அதற்குள் ஜாவா எத்தனையோ பதிப்பு மாறிவிட்டது. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். காகிதம் மட்டும் இருக்கிறது, அதைத் திறந்து காட்ட வேண்டிய கடமையும் இருக்கிறது. பழைய நடைமுறையைப் பழைய நூலகத்தோடு ஒரு லோடரிலும், புதியதைப் புது நூலகத்தோடு இன்னொரு லோடரிலும் வைத்து, ஒன்றை ஒன்று மிதிக்காமல் ஒரே சர்வரில் ஓட்ட முடிவதால்தான் பல கம்பெனிகள் அந்தக் கடமையைச் செய்துகொண்டிருக்கின்றன.

பத்திரப் பதிவு ஆபீஸ், வங்கி லாக்கர் அறை, பள்ளிக்கூடச் சான்றிதழ் அலமாரி என்று நீங்கள் காவல் காத்த ரெக்கார்டு ரூம்களிலும் இதே கேள்வி இருந்திருக்கும். பெயர் சரியாக இருக்கிறது, யார் கொண்டுவந்தது என்று கேட்காமல் விட்டதால் வந்த வம்பு, கேட்டதால் தப்பித்த கதை, இரண்டும் இருக்கும். நேரம் கிடைக்கும்போது எழுதி அனுப்புங்கள். அடுத்த பதிவுகளில் ஒவ்வொன்றாகப் போடுகிறேன்.